வௌவாலா, கஜு மரமா?

ஊர் உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். கஜுக் காணி வைத்திருப்பவர்களும், பள்ளிக்குப் பின்னால் நிற்கும் புளிய மரங்களைப் பற்றி இரண்டு கிழமையாகக் கதைத்துக்கொண்டிருப்பவர்களும் முழுதாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாசிக்கலாம்.

நம் ஊர் வட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒரு சகோதரர் ஒரு வரி போட்டிருந்தார். ஆயிரம் வௌவாலை விட ஒரு கஜு மரம் மேல் என்று. கீழே பெருவிரல் அடையாளங்கள் வரிசையாக விழுந்தன. அதன் பிறகு யோசனைகள் வந்தன. மஃரிபுக்கு முன் புளிய மரத்தடியில் வெடி கொளுத்துவோம் என்றார் ஒருவர். கிளைகளை அடியோடு தறித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்றார் இன்னொருவர். காணிகளில் பழைய தங்கூசி வலையைத் தொங்கவிடுவோம், மாட்டுவது மாட்டட்டும் என்றும் ஒரு குரல் பதிவு வந்தது.

நான் வாத்தியார். இரண்டு பொருளைப் பக்கத்தில் வைத்து ஒன்று மேல் என்று யாராவது சொன்னால், சரி, ஒப்பிட்டுத்தான் பார்ப்போமே என்று கை துறுதுறுக்கும். பிள்ளைகள் கொப்பியில் நடுவே கோடு கிழித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எழுதுவார்களே, அப்படி நானும் எழுதிப் பார்த்தேன். எழுத எழுத அந்தக் கோடுதான் பிழை என்று தெரிந்தது. இந்த இரண்டும் எதிரிகள் அல்ல. ஒரே வேலையின் இரண்டு கைகள். ஒன்றுக்காக மற்றதைக் கொல்வது காணிக்காரருக்கே நட்டம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் முறைப்பாடு நியாயமானது என்பதை ஒப்புக்கொள்வோம். கஜு பழுக்கும் நாட்களில் இரவு முழுக்கக் காணியில் சிறகடிப்பு. விடிந்து போய்ப் பார்த்தால் மரத்தடியில் சப்பித் துப்பிய சக்கை, பாதி கடித்த பழம். கொட்டையைத் தேடினால் சில இடங்களில் கொட்டையே இல்லை. வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் கஜுக் காணியில் காசு. அதை நம்பி நகை அடகு வைத்தவர்கள், பிள்ளையின் வகுப்புக் காசுக்கு நாள் சொல்லி வைத்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'இயற்கையைப் பாதுகாப்போம்' என்று சுவரொட்டி வாசகம் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் கொட்டை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

நாம் வௌவால் என்று ஒரே பெயரில் சொல்வது பல இனங்களை. இலங்கையில் ஏறத்தாழ முப்பது வகை உண்டு. அவற்றில் பழம் தின்பவை நான்கே நான்கு. மற்றவை பெரும்பாலும் இரவில் பூச்சியும் நுளம்பும் பிடித்துத் தின்கிற சின்ன வௌவால்கள். அவற்றுக்கும் கஜுவுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. பழந்தின்னிகளில் நமக்குப் பழக்கமானவை இரண்டு. புளிய மரத்தில் கறுப்புச் சீலை தொங்கப்போட்டது போல் பகலில் தலைகீழாகத் தூங்குகிற பெரிய வௌவால் ஒன்று. ஒரு கிலோவுக்கு மேல் நிறை வரும். சிறகை விரித்தால் நான்கு அடி. அடுத்தது பனையோலைக்கு அடியிலும் கமுகிலும் ஒளிந்திருக்கிற சின்னப் பழவௌவால். கையில் வைத்தால் ஒரு சிறு மாங்காய் அளவுதான். பெரியது பெரும்பாலும் மரத்திலேயே தொங்கிக்கொண்டு தின்னும். சின்னதுக்கு அந்தத் தைரியம் இல்லை. ஆந்தை, பூனை, பெரிய வௌவால் எல்லாவற்றுக்கும் பயந்து, பழத்தைப் பிய்த்து வாயில் கவ்விக்கொண்டு, தனக்கென்று வைத்திருக்கிற வேறொரு மரத்துக்குப் போய்த்தான் தின்னும். நம் பாடசாலை மதிலோரத்து வேம்பு அப்படி ஒரு மரம். காலையில் அதன் அடியில் கஜுக் கொட்டை கிடக்கும். பாடசாலை வளவில் ஒரு கஜு மரமும் கிடையாது.

கொட்டை முழுசாகக் கிடக்கும் என்பதைக் கவனியுங்கள். கீறல்கூட இருக்காது. கஜுவின் தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் என்ன செய்யும் என்று கொட்டை உடைக்கிற நம் உம்மாமாருக்குத் தெரியும். விரல் நுனி வெந்து தோல் உரியும். வௌவாலுக்கும் அது தெரியும். அதற்கு வேண்டியது கொட்டைக்கு மேலே மஞ்சளும் சிவப்புமாகத் தொங்குகிற சதை. நாம் பழம் என்று சொன்னாலும் தாவரவியலில் அது பழமல்ல, பூக்காம்பு ஊதிப் பெருத்தது. உண்மையான கனி கீழே தொங்கும் கொட்டைதான். அந்தச் சதை கொட்டையைப் போலப் பல மடங்கு நிறை. தோடம்பழத்தை விட விற்றமின் சீ கூட. அப்படியிருந்தும் நாம் அதை என்ன செய்கிறோம்? கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு மரத்தடியிலேயே எறிகிறோம். தின்றால் தொண்டை கரகரக்கும், சாறு உடுப்பில் பட்டால் கறை போகாது, ஒரு நாள் வைத்தால் புளித்துவிடும். கோவாவில் அதை வடித்துப் பெனி என்ற சாராயம் காய்ச்சுகிறார்கள், அந்த வழி நமக்கு இல்லை. ஆக, நாம் எறிவதை வௌவால் தின்கிறது. வௌவால் எறிவதை நாம் விற்கிறோம். இதைவிடச் சுமுகமான பங்குப் பிரிப்பு அண்ணன் தம்பிக்குள்கூட நான் பார்த்ததில்லை.

இது தற்செயலாக வந்த பொருத்தமும் இல்லை. கஜு நம் நாட்டு மரமே அல்ல. பிரேசிலின் கரையோர மணல் மண்ணில் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கப்பலில் ஏற்றி இந்தியாவின் மேற்குக் கரைக்கும் நம் கரைக்கும் கொண்டுவந்தார்கள். கஜு என்ற பெயரும் அவர்கள் வாயால் வந்ததுதான், பிரேசிலின் பழங்குடிகள் அதற்கு வைத்திருந்த பெயரிலிருந்து. இப்னு பதூதா 1344இல் புத்தளத்தில் வந்து இறங்கியபோது இந்தக் கரையில் வௌவால் இருந்திருக்கும், கஜு இருந்திருக்க முடியாது. பிறந்த ஊரிலும் அந்த மரத்தின் கொட்டையை எடுத்துப் போய்ப் பரப்புவது பழந்தின்னி வௌவால்தான். வேறு இனம், அதே தொழில். கீழே சுடும் எண்ணெய்ப் பூட்டுப் போட்ட கொட்டை, மேலே இனிக்கும் சதை. தின்பவன் சதையை எடுத்துக்கொண்டு கொட்டையைத் தூரத்தில் போட்டுவிட வேண்டும் என்பதற்காகவே அமைந்த அமைப்பு. சுப்ஹானல்லாஹ். கடல் கடந்து வந்த மரத்துக்கு இங்கேயும் அதே வேலைக்காரன் கிடைத்தான். வேலியோரத்தில், வண்டிப் பாதையில், யாரும் நடாத கஜுக் கன்று மாரி மழைக்கு முளைத்து நிற்கிறதே, அதில் பல அவன் நட்டவை.

இந்த இடத்தில் ஒரு விஷயம். 'வௌவால் இந்த மண்ணுக்குச் சொந்தம், கஜு வந்தேறி, அதனால் வௌவாலுக்குத்தான் முதல் உரிமை' என்று சிலர் மறுபக்கத்தில் நின்று வாதிடுவார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களும், அவர்களுக்குத் தென்னந்தோப்பில் இடம் கொடுத்தவர்களும் சேர்ந்து வாழ்கிற மாவட்டம் இது. யார் முந்தி, யார் பிந்தி என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கஜுவும் நம்முடையது. வௌவாலும் நம்முடையது.

சரி, கொட்டை என் காணியிலிருந்து பாடசாலை வேம்படிக்குப் போனால் எனக்கு நட்டம்தானே என்று கேட்பீர்கள். நட்டம்தான். அந்தக் கொட்டை யாருக்குச் சொந்தம் என்பது நல்ல கேள்வி. பொறுக்குகிற பிள்ளைகளுக்கா, மரக்காரருக்கா, விழுந்த காணிக்காரருக்கா? பிள்ளைகள் அதைப் பொறுக்கிக் கடையில் கொடுத்து ஐஸ் பழம் வாங்குகிறார்கள் என்று ஒரு நானா என்னிடம் கோபப்பட்டார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. தீர்ப்பை உலமாக்களிடம் விடுகிறேன். ஆனால் இதில் கோபப்பட வேண்டியது வௌவாலோடு அல்ல. கொட்டை அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஊருக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு ஊரில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளலாம். கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் பங்கு பிரிக்கக் காலங்காலமாக வழக்கம் வைத்திருக்கிறார்களே, அதுபோல.

காணியின் கணக்கில் வௌவாலுக்கு முன்னால் எழுத வேண்டிய பெயர்கள் வேறு இருக்கின்றன. விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுப் பாருங்கள். பூக்கிற நேரத்தில் தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சிக் கருக்கிவிடுகிற தேயிலைக் கொசு என்கிற பூச்சி முதலாவது. அடிமரத்தைத் துளைத்து மரத்தையே சாகடிக்கிற வண்டுப் புழு இரண்டாவது. பூ கருகினால் கொட்டையே பிடிக்காது. மரம் செத்தால் வருகிற வருடங்களும் போச்சு. வௌவாலோ பழுத்ததை மட்டும் தேடி வருகிறது. அதுவும் நாம் காலையில் பொறுக்கும் முன்பு. ஆனால் பூச்சி சத்தம் போடாது, வௌவால் சத்தம் போடும். சத்தம் போடுகிறவன் மேல்தான் எப்போதும் பழி விழுகிறது.

எதிரி என்று ஒன்றைக் குறித்துவிட்டு மற்றதை யோசிக்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கஜுவின் கதையிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கடலுக்கு அப்பால் கேரளாவின் காசர்கோட்டில், அரசாங்கத் தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கஜுக் காணிகளில், அந்தத் தேயிலைக் கொசுவைக் கொல்லத்தான் எண்டோசல்பான் என்ற நஞ்சை ஹெலிகொப்டரில் தெளித்தார்கள். 1970களின் இறுதியில் தொடங்கி 2000 வரை, இருபது வருடத்துக்கு மேல். கீழே வீடுகள் இருந்தன, கிணறுகள் இருந்தன, பாடசாலைகள் இருந்தன. ஊனத்தோடு பிறந்த பிள்ளைகள், தலை பெருத்த பிள்ளைகள், எழுந்து நடக்க முடியாதவர்கள் என்று அந்தக் கிராமங்களின் படங்களை இன்றும் பார்க்க முடியவில்லை. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த நஞ்சைத் தடை செய்தது. 2017இல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு ஐந்து இலட்சம் இந்திய ரூபா கொடுக்கச் சொன்னது. கஜுவைக் காப்பாற்றப் போய் நடந்தது அது. வெடியையும் நஞ்சையும் ஒன்றாக வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கஜு மரம் மேல், மற்றதெல்லாம் கீழ் என்று ஒரு வரியில் முடிவெடுக்கிற மனநிலையைத்தான் சொல்கிறேன்.

வௌவாலையே நேராகக் கொன்று பார்த்த தீவும் ஒன்று இருக்கிறது. மொரீசியஸ். இந்தியப் பெருங்கடலில் நமக்குத் தென்மேற்கே. அங்கே லிச்சியையும் மாம்பழத்தையும் பெரிய வௌவால் தின்கிறது என்று விவசாயிகள் முறைப்பட, 2015இல் அரசாங்கமே படையை இறக்கிச் சுட்டது. 30 ஆயிரத்துக்கும் மேல். அடுத்த வருடமும் சுட்டார்கள், 2018இலும் சுட்டார்கள். பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது தோட்டக்காரர்களின் வருமானம் கூடவில்லை என்று தெரியவந்தது. வௌவாலின் நிலைதான் மாறியது. அந்த இனம் 2018இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. பெரிய வௌவால் எலியைப் போலப் பெருகாது. வருடத்துக்கு ஒரு குட்டி. அதையும் முதல் சில வாரங்கள் நெஞ்சில் கட்டிக்கொண்டே தாய் இரைதேடப் பறக்கும். ஒட்டுக் கஜுக் கன்று நட்டால் மூன்று வருடத்தில் காய் பார்க்கலாம். ஒரு கூட்டம் வௌவாலை அழித்தால் அந்தக் கூட்டம் திரும்ப வர எத்தனை மூன்று வருடம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கஜுவுக்கு வெளியேயும் இந்த மாவட்டம் அதற்குக் கடன்பட்டிருக்கிறது. எழுவன்குளம், வண்ணாத்திவில்லு தாண்டி வில்பத்துக் காட்டுக்குள் போனால் பாலை, நாவல், ஆல் என்று எல்லாவற்றின் பழத்தையும் அது தின்று விதையைக் காடெங்கும் போடுகிறது. குரங்கும் பறவையும் பெரும்பாலும் மரத்திலிருந்து மரத்துக்குத்தான் போகும். வௌவால் வெட்டவெளியைக் கடந்து போகும். காடு வெட்டிய இடத்தில் முதல் விதை விழுவது அதனால்தான். கடற்கரையில் யாரும் நடாத புன்னையும் கொட்டம்பாவும் முளைக்கிறதென்றால் கடல் அலைக்கு அடுத்தபடி காரணம் இதுதான். இலுப்பை, இலவம் போன்ற மரங்கள் பூவை இரவில்தான் விரிக்கும், தேன் குடிக்க வருகிற வௌவாலின் முகத்தில் மகரந்தத்தைத் தடவி அனுப்பும். அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரமும் அந்த இனம்தான். மன்னாரிலும் நம் பக்கத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறதே, அதன் வெள்ளைப் பூ மாலையில் விரிந்து அடுத்த நாள் வாடிவிடும். ஆபிரிக்காவில் அதைக் காய்க்க வைப்பதும் பழந்தின்னி வௌவால்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி. நிபா.

இது வேடிக்கையான பயம் இல்லை. 1998, 1999இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகள் வழியாக வந்தபோது 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 2018இல் கேரளாவில் 17 பேர். வைரசைச் சுமப்பது நம் பெரிய வௌவாலின் குடும்பம் என்பதும் உண்மை. இலங்கையில் மனிதருக்கு இதுவரை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் நம் குழுவின் யோசனை தலைகீழாக இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் இதே குடும்பத்து ஹெண்ட்ரா வைரசை இருபத்தைந்து வருடத் தரவுகளோடு ஆராய்ந்தவர்கள் 2022இல் எழுதியது இது: காடு அழிந்து, இரை கிடைக்காமல், தங்கும் இடத்திலிருந்து சிதறி ஊருக்குள் வந்த வௌவால்களிடமிருந்துதான் நோய் தாவியிருக்கிறது. வயிறு நிறைந்து தன் இடத்தில் இருக்கும் கூட்டத்திடமிருந்து அல்ல. புளிய மரத்தில் வெடி போட்டால் அவை எங்கே போகும்? இந்தோனேசியாவுக்கா? நம் வீட்டு மாமரத்துக்கும், தண்ணித் தாங்கிக்கு மேல் நிற்கும் நாவலுக்கும்தான் சிதறி வரும். இப்போது ஓரிடத்தில் இருப்பது பத்து இடத்தில் இருக்கும்.

செய்யக்கூடியது சின்னச் சின்ன வேலைகள். கடித்த பழத்தைப் பிள்ளைகள் தின்னக் கூடாது, ஆட்டுக்கும் போட வேண்டாம். கொட்டையைப் பொறுக்குகிறவர்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், கொட்டையை வெயிலில் காய வைத்த பிறகே உடைக்க வேண்டும். கீழே விழுந்த வௌவாலை, செத்ததோ உயிருள்ளதோ, வெறுங்கையால் தொடக் கூடாது. கடித்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாய் கடித்தால் போவது போலவே. பங்களாதேஷில் நிபா அடிக்கடி வருவதற்குக் காரணம் இரவில் திறந்த முட்டியில் வடிகிற ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடிப்பது. வௌவால் முட்டியில் வாய் வைத்துவிடுகிறது. கல்பிட்டிப் பக்கம் பனையில் முட்டி கட்டுகிறவர்கள் முட்டி வாயை மூடிக் கட்ட வேண்டும், இறக்கியதைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். பள்ளி ஹவுளுக்கு மேல் எச்சம் விழுகிறது என்ற முறைப்பாட்டுக்கு மரத்தைத் தறிக்கத் தேவையில்லை, மேலே நான்கு தகரம் போட்டால் போதும். கிளை தறிக்கிற கூலியை விடத் தகரம் மலிவு என்றுதான் நினைக்கிறேன். புளி பருவத்துக்குப் பருவம் குத்தகைக்குப் போவதையும் நிர்வாகம் மறக்கவில்லை என்று நம்புகிறேன்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. காணியை மூடுவது உங்கள் உரிமை, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் பழைய தங்கூசி வலை மூடுவதற்கான வலை அல்ல, பிடிப்பதற்கான வலை. தளர்ந்து தொங்கும் தங்கூசியில் மாட்டிய வௌவால் விடிய விடியப் பிய்த்துக்கொண்டு, சிறகு கிழிந்து, வெயில் ஏறத்தான் சாகும். குட்டியோடு மாட்டினால் இரண்டும். அதை அவிழ்க்கப் போகிற மனிதனுக்குத்தான் முதல் கடி விழும். மூடுவதென்றால் கண் சின்னதாக, சுண்டுவிரல் நுழையாத வலையை, இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள். பெரிய கஜு மரத்துக்கு அது கட்டுப்படியாகாது என்பது தெரியும். வீட்டு மாமரத்துக்கும் கொய்யாவுக்கும் போதும். கஜுக் காணியில் வலையை விட நல்ல வழி, பருவ நாட்களில் அந்திக்கு முன் ஒரு முறையும் சுபஹுக்குப் பிறகு ஒரு முறையும் பொறுக்குவது. அந்தியில் பழுத்து விழுந்தது நம் சாக்கில் இருந்தால் இரவில் போவது குறையும். மூன்று நாளைக்கு ஒரு தரம் காணிக்குப் போய்விட்டு வௌவாலைத் திட்டுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

மார்க்கம் தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில் நான் அதிகம் பேசக் கூடாது. ஆனாலும் எல்லாரும் கேட்டிருக்கிற ஒரு ஹதீஸை நினைவூட்டலாம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ விலங்கோ பறவையோ தின்றால் அது அவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. முஸ்லிமில் வரும் ஓர் அறிவிப்பில், அதிலிருந்து திருடப்பட்டதும் ஸதகா என்றுகூட இருக்கிறது. வௌவால் விலங்கா பறவையா என்று சின்ன வயதில் சண்டை பிடித்திருப்போம். இந்த ஹதீஸில் இரண்டுக்குமே இடம் இருக்கிறது, திருடனாக வைத்துப் பார்த்தாலும் இடம் இருக்கிறது. வௌவாலைக் கொல்ல வேண்டாம் என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) சொன்னதாகவும் பைஹகீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அது நபிமொழி அல்ல, ஸஹாபியின் கூற்று. அதன் தரத்தை விளக்குவதற்கு நம் ஊரில் மௌலவிமார் இருக்கிறார்கள், அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு கேட்டுக்கொள்வோம்.

அதே ஜும்ஆவுக்குப் பிறகுதான் நிர்வாகம் புளிய மரங்களைப் பற்றிக் கூடப்போவதாக அறிவித்திருக்கிறது. நானும் வருவேன். நான் கேட்கப்போவது இதுதான்: இந்தப் பருவம் முடியும் வரை வெடியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ஹவுளுக்குத் தகரம் போடுவோம், அதற்கு என் பங்கை முதலில் தருகிறேன். மாவட்டத்தில் விவசாயத் திணைக்களத்தையும் வனசீவராசிகள் திணைக்களத்தையும் அழைத்து இரண்டு பேரையும் ஒரே நாளில் காணிகளைப் பார்க்கச் சொல்வோம். எவ்வளவு கொட்டை உண்மையில் போகிறது, எது வௌவால், எது குரங்கு, எது இரண்டு கால் வௌவால் என்று தெரிந்த பிறகு மறுபடி கதைப்போம்.

வேம்படிக் கொட்டை விவகாரத்துக்கு என்னிடம் ஒரு தற்காலிக ஏற்பாடு இருக்கிறது. இந்தப் பருவத்தில் பிள்ளைகள் பொறுக்குகிற கொட்டையைக் கடைக்குக் கொண்டுபோகாமல் வகுப்பில் ஒரு சாக்கில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தன் மரத்துக் கொட்டையை அடையாளம் காட்டத் தெரிந்த காணிக்காரர் யாராக இருந்தாலும் பாடசாலை நேரத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சுவதை விற்றுப் பிள்ளைகளே என்ன செய்வதென்று தீர்மானிக்கட்டும். என்னிடம் கோபப்பட்ட நானாவுக்கு இதை நேரிலும் சொல்லிவிட்டேன். முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.